வைத்திய விதியும் வைத்தியர் கடமையும்

நோய்க்கு மருந்தே இல்லாத காலத்தில் ஜனங்கள் மடிந்தால், விதி என்று சொல்லி மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம். மருந்து இருக்கிறது, அதை நமது நாட்டிலேயே செய்கிறார்கள், இன்ன நோயாளிக்கு இன்ன மருந்தை இன்ன அளவில் கொடுக்க வேண்டுமென்று நிபுணர்கள் கூடி விதி எழுதியும் வைத்திருக்கிறார்கள். அப்படியிருந்தும் அம்மருந்து நோயாளியின் கைக்கு வந்து சேராவிடில், அந்த மரணத்தை எந்த விதியின் தலையில் சுமத்துவது? இருதயச் செயலிழப்பு என்னும் வியாதியைப் பற்றி நமது நாட்டு ஆராய்ச்சியாளர்களே திரட்டி வெளியிட்டிருக்கும் கணக்குகளைப் படிக்குந்தோறும் இக்கேள்வி நம் உள்ளத்தை உறுத்துகிறது. இது வைத்தியர்கள் தமக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய விஷயமென்று பொதுஜனங்கள் ஒதுங்கியிருப்பதற்கில்லை. உயிர் போவது பொதுஜனங்களுக்கே ஆதலின், கேட்கும் உரிமையும் அவர்களுக்கே உரியது.

வியாதியின் இயல்பு

இருதயச் செயலிழப்பு என்றால் இருதயம் நின்றுவிட்டது என்று பலர் எண்ணுகிறார்கள். அது தவறு. உடம்புக்கு வேண்டிய அளவு இரத்தத்தை இறைத்துக் கொடுக்க இருதயம் வலுவற்றுப் போவதே இவ்வியாதி. மாரடைப்பினால் தசையின் ஒரு பகுதி பட்டுப்போவதாலும், பல வருஷங்கள் கவனியாது விட்ட இரத்த அழுத்தத்தாலும், நீரிழிவாலும், வால்வுக் கோளாறாலும், தசையிலேயே தோன்றும் நோயாலும் இது வருகிறது. கால் வீங்குகிறது, நாலு படி ஏறினால் மூச்சு இரைக்கிறது, இரவில் படுக்க முடியாமல் எழுந்து உட்கார நேரிடுகிறது. நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள். ஃபுரோசமைடு என்னும் நீர் பிரிக்கும் மருந்து கொடுத்தவுடன் வீக்கம் வடிகிறது; மூச்சு சீராகிறது. நான்கைந்து நாளில் நோயாளி வீடு திரும்புகிறார். நோய் தீர்ந்ததென்று குடும்பத்தார் எண்ணுகிறார்கள். ஆபத்து இங்கேதான் ஆரம்பமாகிறது.

நீர் பிரிக்கும் மருந்து துன்பத்தைத் தணிக்கும். ஆனால் ஆயுளை நீட்டிக்கும் என்பதற்கு உறுதியான அத்தாட்சி இல்லை. ஆயுளை நீட்டிக்கும் மருந்துகள் வேறு. அவற்றைத் தின்றவுடன் நோயாளிக்குச் சுகம் தெரியாது; சில சமயம் முதல் சில வாரங்களில் களைப்பும் தலைசுற்றலும் அதிகப்படும். பலன் மாதக்கணக்கில் தெரிவது. ஆகையால் இவற்றைக் கொடுப்பதற்கு வைத்தியருக்கு உறுதியும், தின்பதற்கு நோயாளிக்கு நம்பிக்கையும் வேண்டும். இவ்விரண்டும் குறைவதே இன்றைய சங்கடத்தின் வேர்.

சாட்டை போய்க் கடிவாளம் வந்தது

இம்மருந்துகள் பிறந்த வரலாற்றைச் சிறிது அறிந்தாலன்றி வைத்தியர்களின் தயக்கம் விளங்காது. 1785-ம் வருஷத்தில் இங்கிலாந்தில் வில்லியம் விதரிங் என்ற வைத்தியர் டிஜிட்டாலிஸ் என்னும் செடியின் குணத்தை விவரித்து எழுதியதிலிருந்து ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டுக் காலம், பலவீனமான இருதயத்தைத் தூண்டி வேலை வாங்குவதே சிகிச்சை என்று வைத்திய உலகம் நம்பியது. களைத்த மாட்டைச் சாட்டையால் அடித்து ஓட்டுவதற்கு இது ஒப்பாகும். மாடு ஓடும், ஆனால் சீக்கிரம் விழும். 1991-ல் வெளியான ஆராய்ச்சியொன்றில், இருதயத்தைத் தூண்டும் மில்ரினோன் என்ற மருந்தைத் தின்றவர்களிடையே மரணம் 100-க்கு 28 பங்கு அதிகமாயிற்று. டிஜிட்டாலிஸிலிருந்து எடுக்கும் டிஜாக்சினைப் பற்றி 1997-ல் 6,800 நோயாளிகளைக் கொண்டு சோதித்தபோது, அது ஆஸ்பத்திரிக்குத் திரும்ப வருவதைக் குறைத்ததே தவிர மரணத்தைக் குறைக்கவில்லை.

உண்மை எதிர்த் திசையில் இருந்தது. இருதயம் தளர்ந்ததும் உடம்பு அதைக் காப்பதாக எண்ணிச் சில இரசங்களைச் சுரந்து, இரத்தக் குழாய்களை இறுக்கி, உப்பையும் நீரையும் தேக்கி, நாடியை வேகப்படுத்துகிறது. இந்தப் பதற்றமே நாளடைவில் இருதயத்தை அழிக்கிறது. ஆகவே தூண்டுவதை விட்டு அடக்குவதே சிகிச்சையென்று தெளிவாயிற்று. 1987-ல் மிகவும் முற்றிய நோயாளிகள் 253 பேரிடம் எனலாபிரில் என்ற மருந்தைச் சோதித்தார்கள். மருந்து பெறாதவர்களில் 100-க்கு 44 பேர் ஆறு மாதத்தில் மடிந்தனர். பெற்றவர்களில் 26 பேரே மடிந்தனர். நாடியின் வேகத்தைத் தணிக்கும் பீட்டா தடுப்பு மருந்துகளின் கதை இன்னும் விசித்திரமானது. பலவீனமான இருதயத்துக்கு அவை விஷமென்று கல்லூரிகளில் கற்பித்து வந்தார்கள். 1975-ல் ஸ்வீடன் தேசத்துக் கோதன்பர்க் நகர வைத்தியர்கள் 7 நோயாளிகளுக்கு அவற்றைக் கொடுத்துக் குணம் கண்டு எழுதினார்கள், உலகம் நம்பவில்லை. 1999-ல் வெளிவந்த இரண்டு பெரிய ஆராய்ச்சிகள் ஒவ்வொன்றிலும் மரணம் 100-க்கு 34 பங்கு குறைந்ததாகத் தெரிந்த பின்னரே சந்தேகம் ஒழிந்தது. அதே வருஷத்தில் ஸ்பைரனொலாக்டோன் என்ற பழைய மருந்து மரணத்தை 100-க்கு 30 பங்கு குறைப்பதாக நிரூபணமாயிற்று. 2014-ல் சாகுபிட்ரில்–வால்சார்ட்டான் என்ற கூட்டு மருந்து எனலாபிரிலைக் காட்டிலும் மேலானதென்று தெரிந்தது. 2019-ல் நீரிழிவுக்கென்று வந்த டாபாகிளிஃப்ளோசின், நீரிழிவு இல்லாத இருதய நோயாளிகளுக்கும் நன்மை செய்வது கண்டறியப்பட்டது.

ஆக நான்கு வகை மருந்துகள். இருதயம் இறைக்கும் திறன் 100-க்கு 40 அல்லது அதற்கும் கீழே குறைந்த நோயாளிகளுக்கு, தக்க தடை ஒன்றும் இல்லையேல், இந்நான்கையும் கொடுக்க வேண்டுமென்று 2021-ல் ஐரோப்பிய இருதய வைத்திய சங்கமும் 2022-ல் அமெரிக்கச் சங்கங்களும் விதி வகுத்தன. இந்தியாவின் நிலைமைக்கேற்ப நமது இருதய வைத்திய சங்கமும் 2018-லேயே தன் அபிப்பிராயத்தை வெளியிட்டிருக்கிறது. 55 வயதான நோயாளி ஒருவர் பழைய முறைச் சிகிச்சையை விட்டு இந்நான்கு வகையையும் பெற்றால், சராசரி 6.3 வருஷம் அதிகமாக உயிர் வாழக்கூடுமென்று 2020-ல் வெளியான கணக்கு ஒன்று மதிப்பிடுகிறது. 6 வருஷம் என்பது ஒரு குடும்பத்துக்கு என்னவென்று நாம் விவரிக்க வேண்டியதில்லை. ஒரு மகனின் படிப்பு முடியும்; ஒரு மகளின் கலியாணம் நடந்தேறும்; பட்ட கடன் அடைபடும்.

நமது நாட்டுக் கணக்கு

இனி நமது நாட்டின் நிலையைப் பார்ப்போம். 2013-ம் வருஷத்தில் திருவனந்தபுரம் ஜில்லாவில் 18 ஆஸ்பத்திரிகளில் சேர்ந்த 1,205 இருதயச் செயலிழப்பு நோயாளிகளை ஒருவர் விடாமல் பதிவு செய்தார்கள். அவர்களின் சராசரி வயது 61. இருதயத்தின் இறைக்கும் திறன் குறைந்தவர்களில், அன்று விதிக்கப்பட்டிருந்த மூன்று வகை மருந்துகளும் பெற்று வீடு திரும்பியவர்கள் நால்வரில் ஒருவரே. மூன்று வருஷம் கழித்துப் பார்த்தபோது, பதிவானவர்களில் 100-க்கு ஏறக்குறைய 45 பேர் இறந்திருந்தார்கள். ஐந்து வருஷத்தில் அத்தொகை 59 ஆயிற்று. இது நடந்தது எழுத்தறிவிலும் சுகாதாரத்திலும் இந்தியாவுக்கே வழிகாட்டியென்று நாம் பெருமையுடன் சொல்லும் கேரளத்தில் என்பதை நேயர்கள் மறவாதிருக்க வேண்டும்.

பின்னர், இந்திய வைத்திய ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில், 53 ஆஸ்பத்திரிகளில் 10,851 நோயாளிகளைச் சேர்த்துத் தேசியப் பதிவேடு ஒன்று தயாராயிற்று. இதன் சராசரி வயது 60-க்குச் சற்றுக் கீழ். 90 நாட்களுக்குள் இறந்தவர் 100-க்கு 14 பேர். இறைக்கும் திறன் குறைந்த நோயாளிகளில் விதிப்படியான மருந்துகளைப் பெற்றவர் 100-க்கு 47 அல்லது 48 பேர். பாதிக்கு மேற்பட்டோர் பெறவில்லை. விதிப்படி மருந்து பெற்றவர்களிடையே மரணம் குறைந்திருந்ததும், எழுத்தறிவில்லாதவர்களிடையே அது அதிகப்பட்டிருந்ததும் அப்பதிவேட்டிலிருந்தே வெளியாகும் உண்மைகள். இந்த 53 ஆஸ்பத்திரிகளும் ஆராய்ச்சியில் பங்கு கொள்ளும் அளவுக்கு வசதியும் ஊக்கமும் உடையவை. இவற்றிலேயே இப்படியென்றால், பதிவேட்டில் இடம் பெறாத சிற்றூர் ஆஸ்பத்திரிகளின் நிலை இதனினும் மேலாக இருக்குமென்று எதிர்பார்க்க நியாயமில்லை.

அமெரிக்காவில் இவ்வியாதியால் ஆஸ்பத்திரியில் சேர்பவரின் சராசரி வயது 70-க்கு மேல். நம்மவர் பத்து வருஷம் முந்தியே படுக்கையில் விழுகிறார்கள். குடும்பத்தைத் தாங்கும் தோள்கள் சாய்கின்றன. 2017-ல் வெளியான பல தேச ஆராய்ச்சி ஒன்றில், ஒரு வருஷத்துக்குள் இறந்த நோயாளிகள் இந்தியாவில் 100-க்கு 23, சீனத்தில் 7, தென் அமெரிக்காவில் 9. நோயின் கடுமை தேசத்துக்குத் தேசம் வேறுபடலாம்; ஆஸ்பத்திரிகளின் தரமும் வேறுபடலாம். எவ்வளவு தள்ளுபடி செய்து பார்த்தாலும், மூன்று மடங்குக்கு மேற்பட்ட வித்தியாசம் வெட்கத்துக்குரியதே.

அறியாமையா, அசட்டையா?

நமது வைத்தியர்கள் விதியை அறியாதவர்களா? சிலர் அறியாதவர்களாயிருக்கலாம். ஆனால் அறியாமை ஒன்றே காரணமென்று முடிவு கட்டுவது தவறு. 2008 முதல் 2014 வரை நம் நாட்டு இருதய வைத்திய நிலையங்கள் சிலவற்றின் ஏடுகளைப் பரிசோதித்தபோது, இறைக்கும் திறன் குறைந்த 15,870 நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றிலொருவருக்கே எனலாபிரில் வகையோ, பீட்டா தடுப்பு வகையோ எழுதப்பட்டதாகக் குறிப்பு இருந்தது. ஏட்டில் எழுத மறந்ததும் இதில் கலந்திருக்கலாம். ஆயினும் இவர்கள் விதி அறியாத நாட்டுப்புற வைத்தியர்கள் அல்லர், இருதய நிபுணர்கள்.

செல்வத்தில் மிதக்கும் அமெரிக்காவின் நிலையும் பெருமைப்படத் தக்கதன்று. அங்கே 150 வைத்திய நிலையங்களில் 3,518 நோயாளிகளைப் பற்றி 2018-ல் வெளியான ஆராய்ச்சியின்படி, ஸ்பைரனொலாக்டோன் வகைக்குத் தகுதியுடையவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அதைப் பெறவில்லை. மூன்று வகை மருந்துகளையும் ஒருங்கே முழு அளவில் பெற்றவர் 100-க்கு ஒருவரே. ஐரோப்பாவையும் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த 15 தேசங்களில் பொது வைத்தியர்கள் சிகிச்சை செய்த 11,062 நோயாளிகளைப் பற்றி 2002-ல் வெளியான ஆராய்ச்சியில், எனலாபிரில் வகையையும் பீட்டா தடுப்பு வகையையும் சேர்த்துப் பெற்றவர் 100-க்கு 20 பேர். கொடுத்த அளவும் விதித்த அளவில் ஏறக்குறைய பாதி. ஆகவே இது கறுப்பர் வெள்ளையர் என்ற பேதமின்றி வைத்தியத் தொழிலையே பீடித்திருக்கும் நோய். மேல்நாட்டாரைப் பார்த்து நாம் ஆறுதல் அடையவும் வேண்டாம். அவர்கள் முன் தலைகுனியவும் வேண்டாம்.

விதிகளை வைத்தியர்கள் ஏன் பின்பற்றுவதில்லை என்பதைப் பற்றிய 76 ஆராய்ச்சிகளைத் தொகுத்து 1999-ல் அமெரிக்க வைத்தியர் சிலர் காரணங்களை வகைப்படுத்தினார்கள். விதியைக் கேள்விப்படாமை ஒன்று, கேள்விப்பட்டும் விவரம் தெரியாமை மற்றொன்று, தெரிந்தும் ஒப்புக்கொள்ளாமை, ஒப்புக்கொண்டும் தம்மால் செய்ய முடியுமென்ற நம்பிக்கையின்மை, செய்தால் பலன் வருமென்ற எதிர்பார்ப்பின்மை, பழைய வழக்கத்தின் பிடி, இறுதியாக நேரமின்மை, பணமின்மை போன்ற வெளித்தடைகள். அறியாமை இவற்றுள் முதற்படி மட்டுமே. படித்தவர் சுரைக்காயை ஏட்டில் எழுதிவிட்டு அடுப்படிக்குப் போகாமல் நிற்கிறார் என்பதே மிச்சம்.

பழைய வழக்கத்தின் பிடியை இலேசாக எண்ணலாகாது. 1980-களில் கல்லூரியில் படித்த வைத்தியர் பீட்டா தடுப்பு மருந்து இருதயத் தளர்ச்சிக்கு ஆகாதென்று பரீட்சையில் எழுதித் தேறியவர். அவர் கண்ணெதிரே மருந்து தின்ற ஒரு நோயாளி மயங்கி விழுந்தால், அந்த முகம் அவருக்கு மறப்பதில்லை. மருந்து தின்னாமல் ஆறு மாதம் கழித்துத் தம் வீட்டில் இறந்துபோன பத்துப் பேரின் முகம் அவருக்குத் தெரியாது. கொடுத்ததால் வந்த கேடு கண்ணுக்குத் தெரிகிறது. கொடாததால் வந்த கேடு தெரிவதில்லை. வைத்தியரின் மனச்சாட்சி குருடென்று நாம் சொல்லவில்லை. அது காண வேண்டிய இடத்தில் விளக்கு இல்லை என்கிறோம்.

ஆட்சேபங்கள்

வைத்தியர்கள் கூறும் ஆட்சேபங்களையும் நியாயமாக ஆராய வேண்டும். வெள்ளைக்கார நோயாளிகளிடம் சோதித்த விதி நம் ஜனங்களுக்குப் பொருந்துமா என்கிறார்கள். நம்மவர் இளைத்த உடம்பினர். இரத்த அழுத்தம் குறைந்தவர். சிறுநீரகம் கெட்டவர் பலர். இவை மருந்தைச் சிறிய அளவில் தொடங்கி மெல்ல மெல்ல உயர்த்துவதற்குக் காரணமே தவிர, மருந்தே கொடாமல் விடுவதற்குக் காரணமாகா. விதியும் அப்படியே சொல்கிறது. ருமேட்டிக் வால்வு நோய் போன்றவற்றுக்கு வேறு வழி வேண்டுமென்பதும் மெய்யே. விலக்குகள் உண்டு, ஆனால் பாதிக்கு மேற்பட்ட நோயாளிகள் விலக்குகளாக இருக்க முடியுமா?

இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கனமானது. விதியைக் கண்மூடிப் பின்பற்றினால் கேடு விளையும் என்கிறார்கள். இதற்கு அத்தாட்சியும் உண்டு. ஸ்பைரனொலாக்டோன் ஆராய்ச்சி 1999-ல் வெளியானதும் கானடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் வைத்தியர்கள் அதை ஏராளமாக எழுதத் தொடங்கினார்கள். அம்மருந்து இரத்தத்தில் பொட்டாசியம் என்னும் உப்பை ஏற்றக்கூடியது. அது வரம்பு மீறினால் இருதயம் நின்றுவிடும். அதனால் ஆஸ்பத்திரியில் சேர நேர்ந்தவர்கள் 1994-ல் ஆயிரத்துக்கு 2.4 ஆக இருந்தது 2001-ல் 11 ஆக உயர்ந்தது. ஆனால் இது கற்பிக்கும் பாடம் யாது? மருந்தை எழுதுவது விதியின் பாதி. இரத்தத்தைப் பரிசோதித்து அளவைத் திருத்துவது மறுபாதி. ஒண்டாரியோவில் முதற் பாதியை மட்டும் செய்தார்கள். நமது நாட்டில் மறுபாதியைச் செய்ய வழியில்லையென்று பயந்து முதற் பாதியையும் விட்டுவிடுகிறோம். இரண்டும் தவறே.

உடனிருப்பவர் யார்?

வள்ளுவர் மருந்து என்ற அதிகாரத்தில், நோயாளி, வைத்தியர், மருந்து, உடனிருந்து கவனிப்பவர் ஆகிய நான்கும் சேர்ந்ததே சிகிச்சை என்று முடிக்கிறார். இன்று நாம் மூன்றை வைத்துக்கொண்டு நான்காவதை மறந்துவிட்டோம். 2022-ல் வெளியான ஆராய்ச்சியொன்று இதைத் தெளிவாக்குகிறது. 14 தேசங்களில் 1,078 நோயாளிகளை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினருக்கு வழக்கப்படி சிகிச்சை. மற்றப் பிரிவினருக்கு வீடு திரும்பிய இரண்டு வாரத்துக்குள் மருந்தை முழு அளவுக்கு உயர்த்தி, இரண்டு மாதத்தில் நான்கு முறை வரவழைத்து, உடம்பையும் இரத்தத்தையும் சோதித்தார்கள். ஆறு மாதத்துக்குள் இறந்தவர்களும் இவ்வியாதியால் மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களும் முதற் பிரிவில் 100-க்கு 23. இரண்டாம் பிரிவில் 15. மருந்துகள் ஏறக்குறைய ஒன்றே. கவனிப்புத்தான் வேறு.

நம் நாட்டில் கவனிப்புக்கு நேரம் ஏது? 2017-ல் வெளியான பல தேச ஒப்பீட்டின்படி, இந்தியாவில் ஆரம்பச் சிகிச்சை வைத்தியர் ஒரு நோயாளியைப் பார்க்கும் நேரம் சுமார் 2 நிமிஷம். ஸ்வீடனில் 22 நிமிஷம். இரண்டு நிமிஷத்தில் நான்கு மருந்தின் அளவை உயர்த்தி, உப்பைக் குறைக்கச் சொல்லி, தினம் எடை பார்க்கக் கற்பித்து, நோயாளியின் பயத்தையும் போக்குவது எந்தத் தன்வந்திரிக்கும் ஆகாத காரியம்.

இதற்குமேல் ஒரு கொடுமை உண்டு. நோயாளி வீடு திரும்புகையில் கையில் கொடுக்கும் சீட்டு இங்கிலீஷில் இருக்கிறது. எந்த மருந்து வீக்கத்துக்கு, எந்த மருந்து உயிரைக் காக்க, எதை நிறுத்தலாம், எதை நிறுத்தலாகாது என்பது அவருக்கும் தெரியாது. அவர் மனைவிக்கும் தெரியாது. வீக்கம் வடிந்ததும் எல்லா மாத்திரையையும் நிறுத்துகிறார். மூன்றாம் மாதம் மறுபடியும் மூச்சு முட்டுகிறது. எழுத்தறிவில்லாதவரிடையே மரணம் மிகுதியென்று பதிவேடு சொல்வதன் பொருளை இந்தச் சீட்டைப் பார்த்தால் ஓரளவு உணரலாம். எழுதப் படிக்கத் தெரிந்தவருக்கும் தெரியாத பாஷையில் எழுதிக் கொடுத்தால் அவரும் எழுத்தறியாதவரே. தாய்மொழிக்காகப் பாடுபடும் தேசபக்தர்கள் மேடையிலும் பள்ளிக்கூடத்திலும் தமிழ் வேண்டுமென்று வாதாடியதைப் போல, ஆஸ்பத்திரிச் சீட்டிலும் தமிழ் வேண்டுமென்று வாதாட முன்வர வேண்டும். அங்கே அது உயிர்ப் பிரச்னை.

சுதேசி மருந்து

விலை அதிகமென்ற சமாதானம் நாளுக்கு நாள் வலுவிழந்து வருகிறது. எனலாபிரில், மெட்டொப்ரொலால், கார்வெடிலால், ஸ்பைரனொலாக்டோன் ஆகியவை பழைய மருந்துகள். இந்தியக் கம்பெனிகள் பல செய்து விற்கின்றன. டாபாகிளிஃப்ளோசினின் காப்புரிமை இந்தியாவில் 2020-ல் முடிந்தது. உடனே நமது கம்பெனிகள் செய்யத் தொடங்கி விலை சரிந்தது. எம்பாகிளிஃப்ளோசினுக்கு 2025 மார்ச்சில் அவ்வாறே நேர்ந்தது. சாகுபிட்ரில்–வால்சார்ட்டானின் மூலக் காப்புரிமை 2023-ன் தொடக்கத்தில் முடிந்தது. அதன்மேல் பெற்றிருந்த மற்றொரு காப்புரிமையை 2025-ல் நமது காப்புரிமைக் காரியாலயம் ரத்து செய்தது. 1970-ம் வருஷத்துச் சட்டத்தாலும், பழைய மருந்துக்குப் புதுச் சட்டை போட்டுக் காப்புரிமை நீட்டிக்க இடங்கொடாத விதியாலும், அவ்விதியை 2013-ல் சுப்ரீம் கோர்ட்டு நிலைநாட்டியதாலும் நாம் பெற்ற நன்மை இது. உலகத்து ஏழைகளுக்கு மருந்து செய்து அனுப்பும் தேசம் என்ற பெயர் நமக்கு உண்டு. அந்தத் தேசத்தின் நோயாளியே அம்மருந்தைப் பெறாமல் மடிவானாயின், நெசவாளி கந்தை உடுத்த கதையாக முடியும்.

செய்ய வேண்டியது

இவ்விஷயத்தில் நமது யோசனைகளைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம்.

முதலாவது, எண்ணுவது. ஒவ்வொரு பெரிய ஆஸ்பத்திரியும், சர்க்காருடையதாயினும் தனியாருடையதாயினும், வருஷந்தோறும் எத்தனை இருதயச் செயலிழப்பு நோயாளிகள் சேர்ந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் எந்தெந்த வகை மருந்துக்குத் தகுதியுடையவர், எத்தனை பேர் பெற்றார்கள், பெறாதவர்க்குக் காரணம் யாது என்று கணக்கு வெளியிட வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2007 முதல் இத்தகைய தணிக்கை நடைபெறுகிறது. யாரையும் தண்டிப்பதற்காக இதை நாம் கேட்கவில்லை. தன் கணக்கைத் தானே காணாத வைத்தியர் தாம் விதியைப் பின்பற்றுவதாகவே நம்பிக்கொண்டிருப்பார். கண்டபின் அவரே திருந்துவார். விலக்களிக்க வேண்டிய நோயாளிக்கு விலக்களிக்கும் அதிகாரம் வைத்தியருக்கு இருக்கட்டும். காரணத்தை ஒரு வரி எழுதிவைத்தால் போதும்.

இரண்டாவது, வீட்டுக்குப் போகும் சீட்டு தமிழில் இருக்க வேண்டும். மருந்தின் பெயர், எதற்காக, இப்போதைய அளவு, சேர வேண்டிய அளவு, அடுத்த இரத்தப் பரிசோதனையின் தேதி, இரண்டு மூன்று நாளில் எடை திடீரென ஏறினால் எங்கே போவது என்பவை அதில் இருக்க வேண்டும்.

மூன்றாவது, நான்காம் தூணை நிறுத்துவது. தமிழ்நாட்டுச் சர்க்கார் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டத்தின்படி, இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மருந்து வீடு தேடிச் செல்கிறது. அதே ஊழியர்கள் இருதயச் செயலிழப்பு நோயாளியின் எடையையும் நாடியையும் இரத்த அழுத்தத்தையும் குறித்து, இரத்தம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினால், ஜில்லா ஆஸ்பத்திரி வைத்தியர் மருந்தின் அளவை உயர்த்த வழி ஏற்படும். தேர்ந்த நர்ஸுகளுக்கு இவ்வேலையில் பொறுப்பளித்தால் வைத்தியரின் இரண்டு நிமிஷமும் மிச்சமாகும். ஒண்டாரியோவில் நேர்ந்த விபத்தும் நமக்கு நேராது.

நான்காவது, வைத்தியர்களின் தொடர் கல்வி. புதிய விதியை வைத்தியர் பெரும்பாலும் மருந்துக் கம்பெனி நடத்தும் விருந்து மண்டபத்தில்தான் கேட்கிறார் என்பது நமது நாட்டின் சிறுமை. பரிசுகளையும் இன்பப் பிரயாணங்களையும் தடுக்க மத்திய சர்க்கார் 2024 மார்ச்சில் நடைமுறை விதிகள் வெளியிட்டிருக்கிறது. தடுத்தால் மட்டும் போதாது. அந்த இடத்தை நிரப்ப வேண்டும். வைத்தியக் கல்லூரிகள் தத்தம் ஜில்லா வைத்தியர்களை அழைத்து, அவர்கள் சிகிச்சை செய்த நோயாளிகளின் கணக்கையே முன்வைத்துக் கற்பிக்க வேண்டும். புது மருந்தைப் போலவே பழைய மலிவு மருந்தையும் பற்றிப் பேச ஒருவர் வேண்டும். அதைப் பேசக் கம்பெனிக்கு லாபமில்லை.

வைத்தியர்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது நமது நோக்கமன்று. கூட்டம் பெருகிய ஆஸ்பத்திரிகளில் இரவும் பகலும் உழைக்கும் அவர்களின் தொண்டை நாடு அறியும். ஆனால் தொண்டின் அளவைக் கொண்டு அதன் பலனை மறைக்கலாகாது. பாடுபட்டு உழுதவன் விதைக்க மறந்தால் அவன் வியர்வையைப் போற்றுவோம். அறுவடை மட்டும் வராது. அப்படியே பொதுஜனங்களுக்கும் ஒரு கடமையுண்டு. தேர்தலில் ஆஸ்பத்திரிக் கட்டடம் கேட்கிறோம். திறப்பு விழாவில் மாலை போடுகிறோம். அந்தக் கட்டடத்துக்குள் நுழைந்து வெளியே வந்த நோயாளி ஒரு வருஷம் கழித்து உயிரோடிருக்கிறாரா என்று ஒருவரும் கேட்பதில்லை. இனிமேல் அதைக் கேட்க வேண்டும். நகரசபையிலும் சட்டசபையிலும் நமது பிரதிநிதிகள் எழுந்து, எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேருக்கு முறைப்படி மருந்து கிடைத்தது, எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று மூன்று எண்களைக் கேட்டால் போதும். அவற்றைச் சொல்ல முடியாத நிர்வாகம் முதலில் எண்ணத் தொடங்கும், எண்ணத் தொடங்கினால் வெட்கப்படும், வெட்கப்பட்டால் திருந்தும்.

மருந்துக்கு அந்நியரிடம் கையேந்தும் நிலை நமக்கு இன்றில்லை. விதியை எழுதும் அறிவும் நம்மவரிடம் இருக்கிறது. குறைவது அறிவையும் நோயாளியின் படுக்கையையும் இணைக்கும் ஏற்பாடு ஒன்றே. அந்த ஏற்பாட்டைச் செய்யச் சர்க்காரும் வைத்திய சங்கங்களும் தாமதிக்கும் ஒவ்வொரு நாளும், அறுபதை எட்டாத தகப்பன்மார் சிலர் பாதி மருந்துச் சீட்டுடன் வீடு திரும்பிக்கொண்டிருக்கிறார்கள் என்பதை வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறோம்.